போர்சைட் முனை தெரியலை, கண்ணு

அப்பா ஏர் ரைஃபிளில் சுட்டு முடித்த குறி அட்டைகளில் தேதி எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பது சின்ன வயதிலிருந்தே என் வேலை. 2018 ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடைசி இரண்டு மாத அட்டைகளைத் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பெல்லட் ஓட்டைகள் கண்டபடி சிதறவில்லை. இடம் வலமாகப் பார்த்தால் எல்லாமே ஒரு சுண்டுவிரல் அகலத்துக்குள் அடக்கம். மேலும் கீழுமாகப் பார்த்தால், மேல்பக்கம் நாலு எண் வளையத்திலிருந்து கீழ்பக்கம் நாலு வரைக்கும் கோடு இழுத்த மாதிரி இறங்கியிருந்தன.

அப்பாவுக்கு அப்போது 66 வயது. 1971இல் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து, குன்னூர் பக்கத்தில் வெலிங்டனில் பயிற்சி எடுத்து, 24 வருடம் இருந்துவிட்டு கோயம்புத்தூருக்கு வந்தவர். அதற்குப் பிறகு எங்கள் ஊர் ரைஃபிள் கிளப்பில் ஞாயிறு தவறாமல் ஏர் ரைஃபிள் சுடுவார், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார். "எனக்குக் கை ஆட ஆரம்பிச்சிருச்சு" என்று ஒரு வருடமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் வயசாகிறது என்று விட்டுவிட்டோம். ஆனால் கை ஆடினால் ஓட்டைகள் நாலா பக்கமும் விழும். இப்படி நெட்டுக்குத்தாக விழுந்தால் ஒன்று மூச்சு, இல்லாவிட்டால் கண். மூச்சை நிறுத்துவதில் அவரிடம் குறை சொல்லவே முடியாது. அப்படியானால் கண்தான்.

"போர்சைட் முனை தெரியுதாப்பா?" என்று கேட்டேன். போர்சைட் என்பது குழலின் முனையில் நிற்கும் குறிமுள், பேக்சைட் என்பது கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் வெட்டு. வெட்டு வழியாக முனையைப் பார்த்து, அதை அட்டையின் நடுவில் இருக்கும் கருப்பு வட்டத்தோடு சேர்ப்பதுதான் குறிபார்ப்பது.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "பஞ்சு மாதிரி இருக்கு கண்ணு. முனை எங்க முடியுது, கருப்பு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலை. ஒரு வருசமாவே இப்படித்தான்."

எனக்கு மனசு பிசைந்தது. ஏனென்றால் கிளப்புக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடமே அதுதான். பேக்சைட் மங்கலாம், அட்டை மங்கலாம், போர்சைட் முனை மட்டும் கத்தி மாதிரித் தெரிய வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ரியர், ஃப்ரண்ட் என்பார்கள். அப்பாவுக்கு இன்றைக்கும் பட்டாளத்துப் பேச்சில் பேக்சைட், போர்சைட்தான். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

வயதானவர்களுக்குச் சைட் வாங்கித் தரும் பிள்ளைகள், தாங்களே சுடும் பெரியவர்கள் இரண்டு தரப்புக்கும் இந்த அனுபவம் பயன்படலாம். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள். அப்படியிருந்தும் எட்டு ஒன்பது மாதத்தை வீணாக்கினேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

வெட்டும் முனையும் கொண்ட இந்த ஓபன் சைட்டில் கண் ஒரே நேரத்தில் மூன்று தூரங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பேக்சைட்டின் வெட்டு முக்கால் கைத் தூரத்தில், போர்சைட் முனை ஏறக்குறைய ஒரு மீட்டரில், அட்டை 10 மீட்டரில். எந்த வயதுக் கண்ணாலும் இந்த மூன்றையும் ஒன்றாகக் கூர்மையாகப் பார்க்க முடியாது. இளம் கண் என்ன செய்கிறது என்றால், உள்ளே இருக்கும் லென்ஸைச் சட்டென்று குவித்துப் போர்சைட்டுக்கு வருகிறது, அப்புறம் அட்டைக்குப் போய்த் திரும்ப வருகிறது. இந்தக் குவிக்கும் திறனை டயாப்டரில் அளப்பார்கள். கணக்கு எளிது: ஒன்றை மீட்டர் தூரத்தால் வகுக்க வேண்டும். ஒரு மீட்டரில் உள்ளதைப் பார்க்க 1 டயாப்டர், 2 மீட்டருக்கு 0.5, 10 மீட்டருக்கு 0.1. சின்னப் பிள்ளைகளுக்குப் பத்து டயாப்டருக்கு மேல் இருக்கும். 45 வயதில் மூன்றோ நாலோ மிஞ்சும். அறுபதைத் தாண்டினால் ஒன்று இருந்தாலே அதிர்ஷ்டம், பல பேருக்கு அதுவும் இருக்காது. லென்ஸ் இறுகிவிடுகிறது, அவ்வளவுதான். பயிற்சி செய்து அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கண்ணை உருட்டு, கேரட் சாப்பிடு என்று அப்பாவிடம் பலர் சொன்னார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆனால் ஒரு பலனும் இல்லை.

முதலில் கண்ணாடிக் கடைக்குத்தான் போனோம். கடையின் பெயர் வேண்டாம். "கிட்டப் பார்வை தெரியல" என்று அப்பா சொன்னதைக் கேட்டு, படிக்கிற கண்ணாடிக்கு 2.5 பவர் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதைப் போட்டுக்கொண்டு சுடும் ரேஞ்சில் நின்றார். பேக்சைட் வெட்டு அச்சடித்த மாதிரித் தெரிந்தது, போர்சைட் புகைந்தது, அட்டையில் கருப்பு இருக்கிறதா என்பதே சந்தேகமாகிவிட்டது. அடுத்து, மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்குமாகப் பவர் மாறிக்கொண்டே போகும் ப்ரோக்ரெசிவ் கண்ணாடி. அது இன்னும் மோசம். ரைஃபிள் கட்டையில் கன்னம் வைத்தால் தலை முன்னால் சாய்ந்துவிடும், கண் கண்ணாடியின் மேல் மூலை வழியாக, மூக்குப் பக்கமாகப் பார்க்கும். ப்ரோக்ரெசிவில் அந்த இடத்தில் நமக்கு வேண்டிய பவரே கிடையாது. அப்பா தலையை அண்ணாந்து அண்ணாந்து சரியான இடத்தைத் தேடினார். கன்னம் கட்டையை விட்டு விலகியது. மறுநாள் கழுத்து வலி.

அதற்குப் பிறகுதான் ஒரு தையல் டேப்பை எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போனேன். அப்பாவை ரைஃபிளோடு முறையாக நிற்கச் சொல்லி, கண்ணோரத்திலிருந்து போர்சைட் வரைக்கும் அளந்தேன். 92 சென்டிமீட்டர். இந்த ஒரு அளவு இல்லாமல் எந்தக் கண் டாக்டராலும் சுடுவதற்குக் கண்ணாடி எழுத முடியாது, ஆனால் இதை அளந்துகொண்டு போகிறவர்கள் மிகக் குறைவு. 92 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.1 டயாப்டர் தேவை. அட்டைக்கு 0.1. இரண்டுக்கும் நடு 0.6. அதற்குக் கிட்டத்தில் உள்ள பிளஸ் 0.5ஐத் தூரப் பார்வைக்கு உள்ள பவரோடு சேர்த்துக் கொடுத்தால், அசையாத கிழக் கண் தானாகவே இரண்டு மீட்டரில் போய் நிற்கும். அங்கிருந்து போர்சைட் 0.6 டயாப்டர் இந்தப் பக்கம், அட்டை 0.4 டயாப்டர் அந்தப் பக்கம். இரண்டுமே முழுக் கூர்மையாக இருக்காது. ஆனால் இரண்டுமே தாங்கக்கூடிய மங்கலில் நின்றுவிடும். பழைய துப்பாக்கிக்காரர்களும் கண் மருத்துவர்களும் ரொம்ப நாளாகக் கையாளும் வழி இது, நான் கண்டுபிடித்தது இல்லை.

கண் பவர் அளவெடுக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட், தெரிந்த பெண் ஒருவர், லென்ஸ்களை மாற்றி மாற்றி மாட்டிப் பார்க்கும் ட்ரையல் ஃபிரேமையும் 0.5, 0.75 லென்ஸ்களையும் ஒரு சனிக்கிழமைக்கு இரவல் கொடுத்தார். ரேஞ்சிலேயே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். 0.75இல் போர்சைட் நன்றாக இருந்தது, அட்டை கரைந்தது. 0.5இல் நின்றோம். கண்ணாடிக்கு எழுதுமுன் எப்படியாவது இப்படி ரேஞ்சில் வைத்துப் பார்த்துவிடுங்கள். டாக்டர் அறையில் எழுத்துப் பலகையைப் படித்துவிட்டு வாங்கும் கண்ணாடி எழுத்துப் பலகைக்குத்தான் சரியாக இருக்கும்.

இதில் சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் நாட்களில் கண்ணின் பவரே மாறும். அப்பாவுக்குப் பதினைந்து வருடச் சர்க்கரை. மருந்து மாற்றிய ஒரு மாதத்தில் எடுத்த அளவும், அது கட்டுக்கு வந்தபின் எடுத்த அளவும் ஒன்றாக இல்லை. சர்க்கரை சில வாரம் நிலையாக இருந்த பிறகு கண்ணாடி எழுதினால் காசு மிச்சம்.

கண்ணாடியால் அப்பாவின் நெட்டுக்கோடு பாதியாகச் சுருங்கியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நம் நாட்டுப் போட்டிகளில் ஓபன் சைட்டுக்கென்று தனிப் பிரிவே உண்டு, அவருக்கும் அது பிடித்தமானது. ஆனால் என் ரைஃபிளில் இருப்பது பீப் சைட், அதாவது பேக்சைட்டில் வெட்டுக்குப் பதில் ஒரு சின்னத் துளை. நீங்களும் அதற்கு மாறுங்கள் என்று ஒரு மாதம் கெஞ்சினேன். அது சின்னப் பிள்ளைகளுக்கு உதவி செய்கிற சைட் என்கிற எண்ணம் அவருக்கு. கடைசியில், "பட்டாளத்துல எஸ்.எல்.ஆர்.ல துளை வழியாத்தானப்பா பார்த்தீங்க?" என்று கேட்டபோது கொஞ்சம் யோசித்தார். உண்மைதானே. அந்த ரைஃபிளின் பேக்சைட்டில் இருப்பது ஒரு சின்னத் துளை. 200லிருந்து 600 கெஜம் வரைக்கும் அதை வைத்துத்தான் சுட்டார்கள். "அதுல போர்சைட் எவ்வளவு சுத்தமா தெரியும் தெரியுமா?" என்று அவரே ஆரம்பித்தார். அந்த வாரமே கிளப் ரைஃபிளை எடுத்தார்.

துளை ஏன் வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். ஓலைக் கூரையில் ஒரு பொத்தல் இருந்தால் தரையில் வெயில் வட்டம் விழும். அது சூரியனின் உருவம். அங்கே லென்ஸ் எதுவும் இல்லை. பொத்தல் சின்னதாக இருப்பதே போதும், அது வழியாக வரும் கதிர்கள் பரவாமல் வருவதால் உருவம் கிடைத்துவிடுகிறது. கண்ணாடி இல்லாதபோது கண்ணை இடுக்கிக்கொண்டு பஸ் போர்டைப் படிக்கிறோமே, அதுவும் இதேதான். அப்பாவின் கண்மணி 4 மில்லிமீட்டர் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1.2 மில்லிமீட்டர் துளை வழியாகப் பார்க்கும்போது மங்கல் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்துவிடும். அதோடு இன்னொரு பெரிய சலுகை, பேக்சைட்டைப் பார்க்கவே வேண்டாம். கண் தானாகவே துளையின் நடுவைத் தேடிக்கொள்ளும். மூன்று தூரம் இரண்டாகிவிடுகிறது.

விலையும் உண்டு. துளை விட்டம் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் வெளிச்சம் பதினொன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. வயதான கண்மணி ஏற்கெனவே சுருங்கியிருக்கும், உள்ளே லென்ஸ் மஞ்சள் பூத்திருக்கும். இருபது வயதுக் கண்ணோடு ஒப்பிட்டால் அறுபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சமே மிகவும் குறைவு. அதோடு ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே துளையைச் சுருக்கினால் விளிம்பில் ஒளி வளைந்து, அதுவே புது மங்கலை உண்டாக்கும். அதனால் ஒரே அளவுத் துளை உள்ள சைட்டை வாங்காதீர்கள். கேமராவில் இருப்பது மாதிரித் திருகினால் சுருங்கி விரியும் ஐரிஸ் வைத்ததை வாங்குங்கள். சைட்டில் பணம் போடுவதானால் முதலில் போட வேண்டிய இடம் இதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். பெரியவர்களின் கண் காலையில் ஒரு மாதிரி, மத்தியானம் ஒரு மாதிரி இருக்கும், ரேஞ்ச் விளக்கும் ஊருக்கு ஊர் மாறும். ஐரிஸ் இருந்தால் திருகிக்கொள்ளலாம்.

அடுத்தது போர்சைட் வளையம். பீப் சைட்டில் முனைக்குப் பதில் ஒரு வளையம், அதன் நடுவில் அட்டையின் கருப்பு உட்கார வேண்டும். 10 மீட்டர் அட்டையில் கருப்பு 30.5 மில்லிமீட்டர். நடுவில் இருக்கும் பத்து மதிப்பெண் இடம் வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. அப்பாவின் கண்ணிலிருந்து போர்சைட் 92 சென்டிமீட்டர் என்பதால், அந்த இடத்தில் கருப்பு ஏறக்குறைய 2.8 மில்லிமீட்டர் அளவுக்குத் தெரியும். கிளப் ரைஃபிளில் இருந்த வளையம் 3.4. அதாவது கருப்புக்கும் வளையத்துக்கும் நடுவே சுற்றிலும் 0.3 மில்லிமீட்டர் வெள்ளைதான். இளம் கண்ணுக்கு அது அழகான மெல்லிய கோடு. அப்பாவுக்கு வளையத்தின் மங்கலும் கருப்பின் மங்கலும் ஒன்றில் ஒன்று ஏறி அந்த வெள்ளையையே தின்றுவிட்டன. நடுவில் இருக்கிறதா என்று அறிய வழியே இல்லை. 4.2 வளையம் போட்டோம், சட்டமும் தடிமனாக உள்ளது. வெள்ளை 0.7 ஆனது. "இப்பத்தான் கருப்பு மூச்சு விடுது" என்றார். நம் ஆட்களுக்கு வளையம் சின்னதாக இருந்தால் குறி கூராக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. கண் வெள்ளையின் சமநிலையைத்தான் பார்க்கிறது. அது கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இருக்க வேண்டும். அறுபது தாண்டிய யாரைப் பார்த்தாலும் வளையத்தை ஒரு அளவு பெரிதாக்கிப் பாருங்கள் என்றுதான் முதலில் சொல்கிறேன்.

இடக்கண்ணை மூடுவதையும் நிறுத்தச் சொன்னேன். ஒரு கண்ணை இறுக்கி மூடினால் முகமே இழுக்கும், மற்றக் கண்ணும் களைக்கும். இடக்கண்ணுக்கு முன்னால் வெளிச்சம் புகுகிற, உருவம் தெரியாத ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் மறைப்பு. பால் பாக்கெட் நிறத்தில் இருந்தால் சரி, கருப்பு வேண்டாம். ஐம்பது வருடப் பழக்கம் ஒரு வாரத்தில் மாறியது.

2018 ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரைக்கும் டின்னில் விழுந்த அட்டைகளைப் பார்த்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கும். கோடு போய் வட்டம் வந்தது. பத்தும் ஒன்பதும் திரும்ப வந்தன.

ஜனவரியில் திரும்பவும் விழ ஆரம்பித்தது. இந்த முறை கோடாக இல்லை, சிதறலாக. வளையத்தைச் சுற்றி இன்னொரு வளையம் நிழல் மாதிரித் தெரிகிறது என்றார். எண்ணெய்க் கை பட்ட கண்ணாடி வழியாகப் பார்ப்பது மாதிரி இருக்கிறது என்றார். நான் ஐரிஸைச் சுருக்கினேன். 1.2லிருந்து 1.1, அப்புறம் 1.0. ஒவ்வொரு தடவையும் "இன்னும் மோசமாயிருச்சு" என்றார். இருட்டாகியிருக்கும் என்று நினைத்து விளக்கைக் கூட்டினோம். கூசுகிறது என்றதும் மஞ்சள் ஃபில்டர், அப்புறம் கூச்சத்தைக் குறைக்கும் போலரைசர். வேறு கம்பெனி ஐரிஸ் ஒன்றையும் வாங்கினேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வாரம் சோதனை. ஆகஸ்ட் வந்துவிட்டது.

எல்லா அறிகுறியும் வீட்டிலேயே இருந்தது. திண்ணையில் பத்து மணி வெயிலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர், சில மாதமாக உள் அறைக்கு, வெளிச்சம் குறைந்த இடத்துக்குப் போய்ப் படித்துக்கொண்டிருந்தார். மத்தியான வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டத் தயங்கினார், சாயங்காலம் சாதாரணமாக ஓட்டினார். வெளிச்சம் கூடினால் பார்வை குறைகிறது. நான் அதைத் தினமும் பார்த்தேன். ஆனால் என் மூளை சைட்டிலேயே இருந்தது.

கண் டாக்டர் இரண்டே நிமிடத்தில் பிடித்துவிட்டார். வலக்கண்ணில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார், 6/18. அதாவது நல்ல கண் 18 மீட்டரில் படிப்பதை அப்பா 6 மீட்டரில்தான் படித்தார். அப்புறம் பொத்தல் போட்ட ஒரு கருப்புத் தகட்டைக் கண்முன் வைத்துத் திரும்பப் படிக்கச் சொன்னார். பவர் குறைபாடு மட்டும் இருந்தால் பொத்தல் வழியாகப் பார்வை கூட வேண்டும், அது நான் வகுப்பில் நடத்துகிற பாடம். அப்பாவுக்குக் கூடவில்லை, 6/24க்கு இறங்கியது. கண்மணியை விரித்து லைட் அடித்துப் பார்த்தார். புரை. அதுவும் லென்ஸின் பின்பக்கத்தில், சரியாக நடுமையத்தில் படியும் வகை. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகமாக வருவது.

"வீட்டுக்கு நடு வாசல்ல மூட்டைய அடுக்கி அடைச்சிருக்கு. பக்கத்து ஜன்னல் வழியா கொஞ்சம் வெளிச்சம் வந்துட்டு இருந்துச்சு. நீங்க துளையைச் சின்னதாக்கி அந்த ஜன்னலையும் சாத்திட்டீங்கம்மா" என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது காரில் நான் பேசவே இல்லை. அப்பாதான் சமாதானம் சொன்னார். அவருடைய கண்ணை எட்டு மாதம் இன்னும் சின்னத் துளைக்குள் தள்ளிக்கொண்டிருந்தேன் என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. அதனால் யார் என்னிடம் சைட் பற்றிக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: ஒரு அட்டையில் ஊசியால் பொத்தல் போட்டு, சுடுகிற கண்ணால் அது வழியாகக் காலண்டரைப் பாருங்கள். தெளிவு கூடினால் கண்ணாடியும் பீப் சைட்டும் உங்களுக்கு உதவும். கூடாவிட்டால், குறைந்தால், சைட்டுக்கு ஒரு ரூபாயும் செலவழிக்காமல் கண் டாக்டரிடம் போங்கள். புரையாக இருக்கலாம், விழித்திரையாகவும் இருக்கலாம். கோடுகள் வளைந்து தெரிந்தாலோ, பார்க்கிற இடத்தின் நடுவில் கறை மாதிரி மறைத்தாலோ அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் டாக்டர் கேட்ட கேள்விதான் எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமான இடம். உள்விழி லென்ஸை எந்தத் தூரத்துக்கு வைக்க? பொதுவாகத் தூரப் பார்வைக்கு வைத்துவிட்டு, படிக்கத் தனிக் கண்ணாடி கொடுத்துவிடுவார்கள். பல தூரத்துக்கும் ஒன்றாகப் பார்க்கிற மல்டிஃபோகல் லென்ஸும் இருக்கிறது, விலை அதிகம். நான் முதலில் அதைத்தான் நினைத்தேன், அப்பாவுக்கு எதிலும் குறை வைக்கக் கூடாது என்று. டாக்டரே தடுத்தார். அது வரும் வெளிச்சத்தைப் பல தூரங்களுக்குப் பங்கு போடுகிறது, அதனால் கருப்பு வெள்ளை வேறுபாடு கொஞ்சம் மட்டுப்படும், விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். கருப்பைச் சுற்றிய வெள்ளையை அளக்கிற வேலைக்கு அது ஒத்துவராது என்றார். நான் பையிலிருந்து 92 சென்டிமீட்டர் என்று எழுதிய சீட்டை எடுத்துக் கொடுத்தேன். படித்தார், சிரித்தார், கணக்குப் போட்டார். ஒரே தூர லென்ஸ், ஆனால் முடிவில்லாத் தூரத்துக்கு வைக்காமல் மைனஸ் 0.5இல் நிறுத்துவது. கண் இயல்பாகவே இரண்டு மீட்டரில் நிற்கும். போர்சைட் ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம். தூரத்துப் போர்டுகள் லேசாக மங்கும், வண்டி ஓட்டச் சின்னக் கண்ணாடி வேண்டியிருக்கலாம். அப்பா யோசிக்கவே இல்லை, சரி என்றார்.

இதில் போட்டி ரீதியாகவும் ஒரு நிம்மதி. சர்வதேச விதிகளின்படி நடக்கும் ரைஃபிள் போட்டிகளில் சைட்டில் தொலைநோக்கி கூடாது. ரைஃபிளில் எதைப் பொருத்தலாம், எதைக் கூடாது என்பதைப் போட்டிக்குப் போகுமுன் அந்த வருட விதிப்புத்தகத்தில் பார்த்துவிட வேண்டும். கண்ணுக்குள்ளேயே இருக்கும் லென்ஸை யாரும் கழற்றச் சொல்ல முடியாது.

இந்த லென்ஸ் வந்த கதையை அப்பாவிடம் சொன்னபோது மிகவும் உருகிப்போனார். இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் மேல்மூடி உடைந்து, அக்ரிலிக் சில்லுகள் பைலட்களின் கண்ணுக்குள் போயின. அந்தச் சில்லுகளைக் கண் வெறுக்காமல் ஏற்றுக்கொண்டதைக் கவனித்தவர் ஹெரால்டு ரிட்லி என்ற ஆங்கிலேய மருத்துவர். 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அந்தப் பொருளிலேயே செய்த லென்ஸை முதல்முறையாக ஒரு நோயாளியின் கண்ணில் வைத்தார். நம் பக்கத்தில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப் 1992 முதல் இந்த லென்ஸ்களை ஏழைகளுக்கும் எட்டுகிற விலையில் செய்யத் தொடங்கியது. "ஒரு சிப்பாய் கண்ணுல பட்ட அடி, எத்தனை பேருக்குக் கண்ணைக் குடுத்திருக்கு பாரு" என்று அப்பா அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது இரண்டு தடவை சொன்னார்.

2019 நவம்பரில் வலக்கண் முடிந்தது. கட்டுப் பிரித்த அன்றைக்கு, "நம்ம சுவரு இவ்வளவு வெள்ளையா?" என்றார். ஆறு வாரம் ரைஃபிளைத் தொடவில்லை. ஏர் ரைஃபிளில் உதைப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் ஐந்து கிலோ எடையைத் தூக்குவதும் குனிவதும் புண் ஆறும்வரை கூடாது. உதைக்கிற துப்பாக்கி வைத்திருப்பவர்கள் டாக்டர் வாய்திறந்து சரி என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டும்.

பழைய அளவு எதுவும் பொருந்தவில்லை. மஞ்சள் லென்ஸ் போனதும் வெளிச்சம் வெள்ளமாக வந்தது. அட்டையின் வெள்ளை கூசி, கருப்பை அரித்தது. மஞ்சள் ஃபில்டரைக் கழற்றி லேசான சாம்பல் ஃபில்டர் போட்டோம். ஐரிஸ் 1.2க்கே திரும்பியது, இந்த முறை திருகத் திருகத் தெளிந்தது. கண்ணாடி இல்லை, ட்ரையல் ஃபிரேம் இல்லை. வளையம் மட்டும் 4.2இலேயே நின்றுவிட்டது, 4.0 போட்டுப் பார்த்து அவரே வேண்டாம் என்றார்.

போட்டி வேண்டாம், தோட்டத்தில் பொழுதுபோக்காகச் சுடுகிறேன் என்பவர்கள் ஸ்கோப், அதாவது தொலைநோக்கி சைட் பற்றிக் கேட்கிறார்கள். கிழக் கண்ணுக்கு அது நல்ல தீர்வுதான், குறியும் அட்டையும் ஒரே தளத்தில் வந்துவிடும். அப்பாவின் நண்பர் ஒருவர் பொள்ளாச்சித் தோட்டத்தில் ஸ்பிரிங் ஏர் கன் வைத்திருக்கிறார். மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு பெருக்கமும் 40 மில்லிமீட்டர் முன் லென்ஸும் உள்ள 3-9×40 ஸ்கோப் வாங்கி மாட்டினார், 10 மீட்டரில் எல்லாமே மங்கல். கண் போய்விட்டது என்று பயந்துவிட்டார். பெரிய துப்பாக்கிக்கான அந்த ஸ்கோப் 100 கெஜத்துக்குச் சரிசெய்யப்பட்டது. கிட்டத் தூரத்துக்குத் திருகிக்கொள்ளும் வசதி உள்ளதாக வாங்க வேண்டும். ஸ்பிரிங் ஏர் கன் பின்னாலும் முன்னாலும் இரண்டு தடவை உதைக்கும். அதற்கென்று செய்யாத ஸ்கோப் சீக்கிரமே குலைந்துவிடும். பெருக்கத்தைக் கூட்டாமல் நாலிலேயே நிறுத்துவது நல்லது. முன் லென்ஸ் அளவைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும், 40ஐ நாலால் வகுத்தால் 10 மில்லிமீட்டர். கழுத்து சரியாகத் திரும்பாத வயதில் தலை கொஞ்சம் விலகினாலும் படம் மறையாது. சிவப்பு ஒளிப்புள்ளியை வைத்துக் குறிபார்க்கும் ரெட் டாட் சைட் வாங்கியவர்களில் சிலருக்குப் புள்ளி வால்நட்சத்திரம் மாதிரித் தெரியும். போன் கேமராவில் அதைப் படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் உருண்டையாக இருந்தால் சைட்டில் குறை இல்லை, கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் சமமாக இல்லாத அஸ்டிக்மாடிசம்தான் காரணம்.

போன மாதம் அப்பாவின் இடக்கண்ணுக்கும் தேதி குறித்தாகிவிட்டது. அதிலும் புரை முற்றிவிட்டது. டாக்டர் திரும்பவும் அதே கேள்வியைக் கேட்டார், இந்தக் கண்ணை எந்தத் தூரத்துக்கு வைக்க? நான் 92 சென்டிமீட்டர் சீட்டைத் தேடிப் பையைத் துழாவினேன். அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அது மறைப்புக்குப் பின்னால இருக்குற கண்ணுங்க டாக்டர். போர்சைட்டுக்கு ஒண்ணு போதும். இதை மைனஸ் ரெண்டுல வைக்க முடியுங்களா? காலைல திண்ணையில உக்காந்து கண்ணாடி இல்லாம பேப்பர் படிக்கணும்."

டாக்டர் சரி என்று எழுதிக்கொண்டார். 14ஆம் தேதி காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.